ஸ்பைடர்மேன் 2: பிடுங்குவதில் கில்லாடி, திருப்பிக் கொடுப்பதில் அவசரக்காரன்

சூப்பர் ஹீரோ படத்துக்கு இரண்டாம் பாகம் என்றாலே பெருக்கல் வாய்ப்பாடு ஆரம்பித்துவிடும். ஒரு வில்லன் இருந்த இடத்தில் இரண்டு பேர், ஒரு கட்டடம் இடிந்த இடத்தில் ஒரு தெரு, புது உடை, புது ஆயுதம், போதாக்குறைக்கு அடுத்த பாகத்துக்கு விளம்பரமாக நாலு காட்சி. சாம் ரெய்மி இயக்கி 2004 ஜூன் 30 அன்று அமெரிக்காவில் வெளியான ‘ஸ்பைடர்மேன் 2’ போட்டது கழித்தல் கணக்கு. பீட்டர் பார்க்கரிடம் இருப்பதை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறது: வேலை, படிப்பு, வாடகைப் பணம், காதலி, நண்பன், கடைசியில் சுவரில் ஒட்டும் சக்தியும். படத்தின் பலத்தில் முக்கால்வாசி இந்தப் பிடுங்கலில்தான் இருக்கிறது. பலவீனங்களும் இதிலிருந்தே வருகின்றன. பிடுங்கியதையெல்லாம் கடைசி முக்கால் மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்தாக வேண்டுமே, அங்கேதான் திரைக்கதை கணக்கை எழுதாமல் நோட்டை மூடிவிடுகிறது.

வெளியாகி இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டதால் கிளைமாக்ஸ் வரை பேசப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் ஆரம்பக் காட்சிகள். டைட்டிலில் முதல் பாகத்தின் கதை முழுவதும் ஓவியங்களாக ஓடிவிடுகிறது. அலெக்ஸ் ராஸ் வரைந்தவை. யாரும் யாரிடமும் “போன தடவை என்ன நடந்தது தெரியுமா” என்று விளக்க வேண்டிய அவசியமில்லை. அந்த வேலை முடிந்ததும் படம் நேராக பீட்சா கடைக்குப் போகிறது. 29 நிமிடத்தில் டெலிவரி என்பது கடையின் உத்தரவாதம். பெரும்பகுதி நேரம் ஏற்கெனவே போய்விட்டது, போக வேண்டியதோ 42 பிளாக். தாமதமானால் வேலை காலி. வழியில் லாரிக்கு முன்னால் ஓடும் குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கடைசியில் துடைப்பம் வைக்கும் சின்ன அறைக்குள் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால், துடைப்பங்கள் மேலே வந்து விழுகின்றன. தள்ளி உள்ளே வைத்தால் மறுபடி விழுகின்றன. வரவேற்பில் இருக்கும் பெண் முகத்தில் ஈயாடவில்லை. நேரம் தாண்டிவிட்டதால் பணமும் கிடையாது.

இந்த ஐந்து நிமிடத்தைச் சும்மா காமெடி என்று தள்ளிவிடக் கூடாது. படம் முழுக்க ஓடப்போகும் விதி இங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது: ஹீரோ நல்லது செய்தால் பார்க்கர் விலை கொடுப்பான், அதுவும் உடனடியாக, ரொக்கமாக. அடுத்தது பத்திரிகை அலுவலகம். புகைப்படத்துக்குப் பணம் வாங்கப் போனால் அது ஏற்கெனவே வாங்கிய முன்பணத்துக்கே பத்தவில்லை என்கிறார்கள். அடுத்தது கல்லூரி. பேராசிரியர் கானர்ஸ் எச்சரிக்கிறார். அடுத்தது அத்தை மே வீடு. பிறந்தநாள் விருந்து முடிந்ததும் வங்கி வீட்டைப் பறிக்கப் போகும் கடிதம் கண்ணில் படுகிறது. அத்தை இருபது டாலரை நீட்டுகிறார். அவன் மறுத்ததும் அவர் குரல் உடைந்து கோபமாக மாறுகிறது. ரோஸ்மேரி ஹாரிஸ் அந்தக் கோபத்தையும் உடனே வரும் வெட்கத்தையும் ஒரே மூச்சில் காட்டிவிடுகிறார். அப்புறம் வீட்டுக்காரர் டிட்கோவிச், வாடகை, பூட்டு சரியாக இல்லாத அறை. ஸ்பைடர்மேனை உருவாக்கிய ஓவியர் ஸ்டீவ் டிட்கோவுக்கு அந்தப் பெயரில் ஒரு சின்ன மரியாதை இருக்கிறது.

திரைக்கதை ஆல்வின் சார்ஜென்ட். ‘ஜூலியா’, ‘ஆர்டினரி பீப்பிள்’ ஆகிய இரண்டு படங்களின் எழுத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். இந்தப் படம் எழுதும்போது எழுபதைத் தாண்டியிருந்தார். குடும்பத்துக்குள் பேசாமல் கிடக்கும் விஷயங்களை எழுதியே பேர் வாங்கியவர் என்பது இதிலும் தெரிகிறது. ஒரு நாவலாசிரியர், தொலைக்காட்சி எழுத்தாளர்கள் என்று பலர் கதையில் கை வைத்திருந்தாலும், உட்கார்ந்து பேசும் காட்சிகள் இவ்வளவு நன்றாக வந்ததற்கு இந்த மனிதர்தான் காரணம் என்பது என் ஊகம்.

உதாரணத்துக்கு ஒரு காட்சியை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். மாமா பென் செத்தது தன் தவறு என்று பீட்டர் அத்தையிடம் சொல்லும் இடம். சாப்பாட்டு மேஜை. மாமா இறந்ததற்குத் தானே காரணம் என்று புலம்பும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசவே ஆரம்பிக்கிறான். திருடனைத் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை, அவன்தான் மாமாவைச் சுட்டான். சொல்லி முடிக்கிறான். மே அழவில்லை, திட்டவில்லை. அவன் கைக்குள் இருந்த தன் கையை மெதுவாக உருவிக்கொண்டு, எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். அவ்வளவுதான். முதல் பாகத்தில் இந்த ரகசியம் வெறும் பின்கதை. இரண்டாம் பாகம் அதை எடுத்துக் கடனாக மாற்றி வட்டியோடு வசூலிக்கிறது. தொடர்ச்சிப் படம் என்றால் முதல் படத்தில் நடந்ததற்கு இப்படி ஒரு பின்விளைவு இருக்க வேண்டும். பெரும்பாலான தொடர்ச்சிகளில் முதல் பாகத்தின் நிகழ்வுகள் இரண்டு வசனத்தில் கரைந்துபோகும்.

சக்தி போகும் விஷயத்துக்கு வருவோம். 1967இல் வந்த ஸ்பைடர்மேன் காமிக்ஸின் 50ஆவது இதழில் ஜான் ரொமிட்டா வரைந்த படம் ஒன்று உண்டு. மழை பெய்யும் சந்து, குப்பைத் தொட்டியில் கிடக்கும் உடை, முதுகைக் காட்டி நடந்து போகும் பீட்டர். படத்தில் அந்தச் சட்டகம் அப்படியே வருகிறது. காமிக்ஸில் மனசு விட்டுப்போய் உடையை எறிகிறான். படம் இன்னொரு அடுக்கைச் சேர்க்கிறது, உடம்பே ஒத்துழைக்க மறுக்கிறது. வலை வரவில்லை, சுவரில் கை ஒட்டவில்லை, கண்ணாடி மறுபடி தேவைப்படுகிறது. இதற்கு விதை முன்னாலேயே போடப்பட்டிருக்கிறது. பின்னால் வில்லனாக மாறப்போகும் விஞ்ஞானி ஆக்டேவியஸ் வீட்டு விருந்தில், காதல் மாதிரியான சிக்கலான ஒன்றை உள்ளேயே பூட்டி வைத்தால் உடம்புக்கு ஆகாது என்று அவர் விளையாட்டாகச் சொல்கிறார். பின்னால் மருத்துவர், உனக்கு எப்போதும் வேறு வழி இருக்கிறது என்கிறார். நோய்க்குப் பெயர் சொல்லாமலே காரணத்தைப் புரிய வைத்துவிடுகிறார்கள். முதல் பாகத்தில் வலை உடம்பிலிருந்தே வரும்படி மாற்றியதற்கு அப்போது காமிக்ஸ் ரசிகர்கள் சண்டைக்கு நின்றார்கள். அந்த மாற்றத்தின் பலன் இந்தப் படத்தில்தான் கிடைக்கிறது. மணிக்கட்டில் கட்டும் கருவியாக இருந்திருந்தால் வலை நிற்பது வெறும் ரிப்பேர் வேலையாகப் போயிருக்கும்.

சக்தி போன பிறகு நெருப்புப் பிடித்த கட்டடத்துக்குள் பீட்டர் வெறும் ஆளாக நுழைந்து ஒரு குழந்தையைத் தூக்கி வருகிறான். மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நான்காவது மாடியில் இன்னொருவர் மாட்டி இறந்துவிட்டார் என்று தீயணைப்பு வீரர்கள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. சக்தி இல்லாத ஹீரோவின் எல்லை எது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இதை ஒட்டியே வீட்டுக்காரர் மகள் உர்சுலா சாக்லேட் கேக் ஒரு துண்டும் ஒரு டம்ளர் பாலும் கொண்டுவந்து கொடுக்கும் காட்சி. கதைக்குத் துளியும் தேவையில்லாதது. எந்த எடிட்டராக இருந்தாலும் முதலில் கத்தரி வைப்பது இதில்தான். வைக்காமல் விட்டதற்கு நன்றி.

இனி வில்லன். முதல் பாகத்தின் பெரிய குறை எது என்று கேட்டால், இரண்டு முகமூடிகள் மொட்டை மாடியில் உட்கார்ந்து வசனம் பேசிக்கொண்டதுதான். வில்லனாக நடித்த வில்லெம் டஃபோ மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு அதைப் பச்சைத் தகரத்துக்குள் அடைத்தார்கள். இரண்டாம் பாகம் அதைத் திருத்திக்கொண்டது. ஆக்டேவியஸாக வரும் ஆல்ஃப்ரெட் மொலினாவின் முகம் படம் முழுக்கத் திறந்தே இருக்கிறது. ஒரு கறுப்புக் கண்ணாடி, அதையும் அடிக்கடி கழற்றிவிடுகிறார்கள். ஹீரோவின் முகமூடியும் முக்கியமான இடங்களில் கழன்றுவிடுகிறது. ரயிலில் ஒரு தடவை, நண்பன் ஹாரியிடம் ஒரு தடவை, ஆக்டேவியஸ் முன் ஒரு தடவை. ரகசியம் காக்கிற ஆள் இவ்வளவு பேரிடம் முகத்தைக் காட்டலாமா என்ற கேள்வி நியாயம்தான். ஆனால் பீட்டராக நடிக்கும் டோபி மக்வயரின் கண்கள் தெரியாவிட்டால் அந்தக் காட்சிகளில் ஒன்றும் மிஞ்சாது. லாஜிக்கைக் கொடுத்து நடிப்பை வாங்கியிருக்கிறார்கள், லாபமான வியாபாரம்.

ஆக்டேவியஸின் முதுகில் ஒட்டிக்கொண்ட அந்த நான்கு உலோகக் கைகள் எப்படி வேலை செய்தன என்பது தெரிந்தால் மொலினாவின் நடிப்பு இன்னும் பெரிதாகத் தெரியும். ஆக்டேவியஸ் கைகளைச் சுமந்து நிற்கும் காட்சிகளுக்கு எட்ஜ் எஃபெக்ட்ஸ் நிறுவனம் நிஜமாகவே கைகளைச் செய்தது. மொலினாவின் இடுப்பில் உலோகமும் ரப்பரும் கலந்த கச்சை, முதுகில் ரப்பர் தண்டுவடம், அதில் பூட்டிய கைகள். ஒவ்வொரு கைக்கும் நான்கு பேர் என்று பொம்மலாட்டக்காரர்கள் பிரித்து இயக்கினார்கள், ஒவ்வொரு காட்சியையும் மொலினாவோடு சேர்ந்து ஒத்திகை பார்த்தார்கள். கைகள் அவரைத் தூக்கிக்கொண்டு நடக்கும் காட்சிகளில் சுமார் 20 அடி உயர அமைப்பில் அவரைத் தொங்கவிட்டு, கைகளைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்தார்கள். மொலினா கைகளுக்கு லேரி, ஹாரி, மோ, ஃப்ளோ என்று பெயர் வைத்திருந்தார். தொப்பியையும் கண்ணாடியையும் பதவிசாகக் கழற்றும் கை ஃப்ளோ, அதை இயக்கியவர் ஒரு பெண். நிஜப் பொருள் பக்கத்தில் இருந்ததால்தான் நடிகரின் பார்வை ஒவ்வொரு தடவையும் சரியான இடத்தில் விழுகிறது. வெறும் பச்சைத் துணியைப் பார்த்துப் பேசும் நடிகர்களின் பார்வை ஒரு அடி தள்ளி எங்கோ போவதைப் பிற்காலப் படங்களில் நிறையப் பார்த்தாயிற்று.

கைகளுக்குத் தனிக் குணம் இருப்பது மருத்துவமனைக் காட்சியில் வெளிப்படுகிறது. மயக்கத்தில் கிடக்கும் ஆக்டேவியஸின் முதுகிலிருந்து கைகளை அறுத்து எடுக்க மருத்துவர்கள் தயாராகிறார்கள். ரம்பம் சுழல ஆரம்பித்ததும் கைகள் விழித்துக்கொள்கின்றன. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ரெய்மியின் பழைய பேய்ப்பட வித்தை. கையின் பார்வையிலிருந்து பாயும் கேமரா, சுவரில் விழும் நிழல்கள், தரையைப் பிறாண்டியபடி இழுத்துச் செல்லப்படும் நகங்கள், அலறும் வாய்க்கு மிக அருகில் ஒரு ஷாட். ரத்தம் கிட்டத்தட்ட இல்லை. குழந்தைகளும் பார்க்கும் படத்தில் இவ்வளவு பயத்தைத் தணிக்கைக்கு உட்பட்டே காட்டியது சாதாரண விஷயமில்லை. ஒளிப்பதிவாளர் பில் போப் ரெய்மியோடு ‘டார்க்மேன்’, ‘ஆர்மி ஆஃப் டார்க்னஸ்’ படங்களில் வேலை செய்தவர் என்பதால் இருவருக்கும் மொழி பழகியிருந்தது. முதல் பாகம் 1.85:1 சட்டகத்தில் எடுக்கப்பட்டது, இது 2.39:1. நடுவில் ஒரு ஆள், இரு பக்கமும் விரியும் நான்கு கைகள். அகலச் சட்டகம் இல்லையென்றால் கைகளின் நுனி வெட்டுப்பட்டிருக்கும்.

ரயில் சண்டையைப் பற்றி எழுதாதவர்கள் கிடையாது. நானும் கொஞ்சம். மன்ஹாட்டனின் அந்தப் பகுதியில் மேம்பால ரயில் கிடையாது, கடைசியாக ஓடிய மூன்றாம் அவென்யூ பாதையும் அங்கே 1955இல் மூடப்பட்டுவிட்டது. ரயில் பெட்டியில் 16 கேமராக்களைப் பொருத்திப் பின்னணிக் காட்சிகளை எடுத்தது சிகாகோவின் லூப் பாதையில், 2002 நவம்பரில், முக்கியப் படப்பிடிப்பு தொடங்குவதற்கு மாதக்கணக்கில் முன்னால். நியூயார்க்வாசிகளுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். சண்டைக்கு இது தேவையாக இருந்தது. ரயில் சுரங்கத்துக்குள் போனால் பக்கத்துக் கட்டடங்கள் இல்லை, கட்டடங்கள் இல்லையென்றால் வலையை எதில் ஒட்டுவது?

இந்தக் காட்சியின் உண்மையான கெட்டிக்காரத்தனம் ரயிலை நிறுத்தும் விதத்தில் இருக்கிறது. முதல் முயற்சி, காலைத் தண்டவாளக் கட்டைகளில் ஊன்றுவது. கட்டைகள் சிதறுகின்றன, ரயில் நிற்கவில்லை. இரண்டாவது, இருபக்கமும் ஒவ்வொரு வலை. கட்டடத்தின் முகப்பே பிய்த்துக்கொண்டு வருகிறது. வேறு யோசனை இருக்கிறதா என்று பின்னாலிருந்து ஒரு குரல். மூன்றாவது, இருபக்கமும் சரமாரியாக வலைகள், உடம்பையே நடுவில் கட்டும் கயிறாக்குவது. தோல்வி, பெரிய தோல்வி, உயிரைக் கொடுக்கும் வெற்றி என்று படிப்படியாக ஏறுவதால் கடைசி இழுப்பில் நமக்கும் தோள் வலிக்கிறது. மயங்கி விழுபவனைப் பயணிகளின் கைகள் தாங்கித் தலைக்கு மேல் உள்ளே கொண்டுபோகின்றன. முகத்தைப் பார்த்த ஒருவர், சின்னப் பையன், என் மகன் வயதுதான் என்கிறார். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். சிலுவைப் படத்தை நினைவுபடுத்தும் அந்தக் கிடத்தல் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அடுத்த நிமிடமே வில்லன் வந்ததும் பயணிகள் வழிமறித்து நிற்பதும் அவன் அவர்களை அலட்சியமாக ஒதுக்கித் தள்ளுவதும் அந்தப் புனிதத்தைச் சமன் செய்துவிடுகின்றன.

இப்போது கோளாறுகள்.

முதலில் காபிக் கடை. படத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான், அதிலும் அழகாக எடுக்கப்பட்ட ஓட்டை. ஸ்பைடர்மேனைப் பிடித்துக் கொடுத்தால் ஆக்டேவியஸின் இயந்திரத்துக்கு எரிபொருளான டிரிட்டியம் தருகிறேன் என்கிறான் ஹாரி. அவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆக்டேவியஸ் கேட்கிறார். பீட்டர் பார்க்கருக்குத் தெரியும், அவனைக் கேள், ஆனால் அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்கிறான். தகவல் வாங்கப் போன ஆக்டேவியஸ் செய்யும் முதல் காரியம், பீட்டர் உட்கார்ந்திருக்கும் மேஜை மீது ஒரு காரைத் தூக்கி எறிவது. பீட்டர்தான் ஸ்பைடர்மேன் என்று அவருக்குத் தெரியாது. சாதாரண மனிதனாக இருந்திருந்தால் தகவலும் இல்லை, ஆளும் இல்லை. அடுத்து அவனைச் சுவரில் வீசி எறிந்து, மேலே சுவரை இடித்துவிட்டுப் போகிறார். செய்தி யார் கொண்டுபோவது? முத்தம் விழப்போகும் நொடியில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு கார் வரும் அந்த ஷாட் அருமை. அந்த ஷாட்டுக்காகவே வில்லனின் மூளையைச் சில நிமிடம் கழற்றி வைத்துவிட்டார்கள். காதலி மேரி ஜேனைக் கடத்திவிட்டு பீட்டரிடம் செய்தி சொல்லியிருந்தாலே போதும், கதை நகர்ந்திருக்கும்.

இரண்டாவது, சக்தி திரும்பும் கணம். போகும்போது எவ்வளவு பக்குவமாகப் போனது என்று மேலே பார்த்தோம். திரும்பும்போது? கார் வருவதை உணர்வு எச்சரிக்கிறது, அவளை இழுத்துக்கொண்டு பாய்கிறான், இடிபாட்டிலிருந்து எழுகிறான், கண்ணாடி போட்டால் மங்கலாகத் தெரிகிறது, கழற்றி எறிகிறான். அவ்வளவுதான். காதலிக்கு ஆபத்து என்றால் சக்தி வரும் என்று வைத்துக்கொண்டால், அத்தனை நாள் உள்ளேயிருந்த குழப்பம் தீர்ந்ததா? தீரவில்லை. உன்னைக் காதலிக்கவில்லை என்று இரண்டு நிமிடம் முன்புதான் அவளிடம் பொய் சொல்லியிருக்கிறான். குழப்பத்தால் போன சக்தி, குழப்பம் உச்சத்தில் இருக்கும்போது வந்துவிடுகிறது. ‘உள்ளே பூட்டி வைக்காதே’ என்ற விதையை வைத்தவர்கள், பூட்டைத் திறக்கும் காட்சி ஒன்றை எழுதியிருக்க வேண்டும். தனக்கு வேண்டியதை விட்டுக்கொடுத்துக் கடமையைத் தானே தேர்ந்தெடுக்கும் நொடியில் கண் தெளிந்திருந்தால் அத்தையின் பேச்சுக்கும் அர்த்தம் கூடியிருக்கும்.

அந்தப் பேச்சு மூன்றாவது. வீட்டைக் காலி செய்யும்போது பக்கத்து வீட்டுச் சிறுவன் ஹென்றியைச் சாக்காக வைத்து, நம் எல்லாருக்குள்ளும் ஒரு நாயகன் இருக்கிறான் என்று மே பேசுகிறார். ரோஸ்மேரி ஹாரிஸ் பேசுவதால் தப்பிக்கிறது. எழுத்தில் அது கருத்தரங்க உரை. கையை உருவிக்கொண்டு போன அதே பெண் இவ்வளவு விளக்கமாகப் பேசுவாரா? அவருக்கு ரகசியம் தெரியுமா தெரியாதா என்று சொல்லாமல் விட்டது மட்டும் சாமர்த்தியம்.

மேரி ஜேன் விஷயத்தில் படத்தை மன்னிப்பது கஷ்டம். முதல் பாதியில் கிர்ஸ்டன் டன்ஸ்டுக்கு உண்மையான பாத்திரம் இருக்கிறது. நாடக நடிகையாக ஜெயித்தவள், வாக்குக் கொடுத்துவிட்டு வராதவனை இனி நம்ப மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவள். கடைசியில் அவளைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டு அலற வைத்துவிடுகிறார்கள். முதல் பாகத்தில் பாலத்தில், இதில் துறைமுகத்தில், 2007இல் வந்த மூன்றாம் பாகத்தில் வலையில் சிக்கிய டாக்ஸியில். மூன்று கிளைமாக்ஸ், ஒரே வேலை. விண்வெளி வீரன் ஜான் ஜேம்சன் பாவம் இன்னும் மோசம். ஒரு குறையும் சொல்ல முடியாத மனிதனைத் தேவாலயத்தில் ஒரு கடிதத்தோடு விட்டுவிட்டு மணப்பெண் ஓடுகிறாள், படம் கைதட்டுகிறது. அவன் அப்பா ஜே. ஜோனா ஜேம்சன், கேவியர் டப்பாவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறார். ஜே.கே. சிம்மன்ஸ் சொல்லும்போது சிரிப்பு வராமல் இருக்காது என்பதும் உண்மைதான். ஆனால் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: எல்லாம் சுபமாக முடிந்த பிறகும் கடைசி ஷாட் ஜன்னலோரம் கவலையோடு நிற்கும் அவள் முகத்தில்தான் நிற்கிறது. அவள் என்ன விலை கொடுக்கப் போகிறாள் என்று இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது, கிளைமாக்ஸ் எழுதியவர்களுக்கு மறந்துவிட்டது.

துறைமுகச் சண்டையின் அறிவியலைப் பற்றிப் பேசினால் விடியும்வரை பேசலாம். டிரிட்டியம் ஹைட்ரஜனின் கதிரியக்க வகை, சாதாரண நிலையில் வாயு. படத்தில் தங்கப் பந்தாக மினுங்குகிறது. உலகத்திலேயே 25 பவுண்டுதான் இருக்கிறது என்று வசனம் வேறு. அணு இணைவு என்பது நிலைகுலைந்தால் தானே அணைந்துபோகும் வினை. படத்திலோ தானே வளர்ந்து ஊரை விழுங்குகிறது. காமிக்ஸ் உலகம், போகட்டும். எனக்கு உறுத்துவது வேறு. முதல் விபத்தில் வயரைப் பிடுங்கியதும் நின்ற ஆக்டேவியஸின் இணைவு இயந்திரம், இரண்டாம் தடவை வயரைப் பிடுங்கினாலும் நிற்காது, ஆற்றில் மூழ்கடித்தால் மட்டும் நிற்கும். இதற்கு ஒற்றை வரி விளக்கம்தான். ஆக்டேவியஸ் தியாகம் செய்ய வேண்டும் என்பதற்காக விதியை மாற்றியிருக்கிறார்கள்.

அந்த மனமாற்றமும் இரண்டு நிமிட வேலைதான். ஆனாலும் அதில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. விருந்துக் காட்சியில் ஆக்டேவியஸ் பீட்டரிடம், அறிவு ஒரு சலுகை அல்ல, அது ஒரு கொடை, மனிதகுலத்தின் நன்மைக்குப் பயன்பட வேண்டும் என்கிறார். கிளைமாக்ஸில் பீட்டர் அதையே நினைவூட்டுகிறான், அறிவு ஒரு கொடை என்றீர்களே. அவர் சட்டென்று, சலுகை என்று திருத்துகிறார். தன் கொள்கையைத் தானே தலைகீழாகச் சொல்கிறார், சொல்வது தெரியாமலே. கைகள் அவர் மூளைக்குள் எவ்வளவு தூரம் போய்விட்டன என்பதற்கு அந்த ஒரு சொல் சாட்சி. இதற்கடுத்து அத்தையின் கருத்துரையை பீட்டர் ஒப்பிக்க, அவர் உடனே திருந்துகிறார். முதல் பாதி சார்ஜென்ட் எழுதியது மாதிரியும் இரண்டாம் பாதி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுதியது மாதிரியும் இருக்கிறது.

ஹாரியைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கையில் மது, வாயில் பழிவாங்கும் வசனம், கடைசியில் கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவின் ஆயுதக் கிடங்கு. ஜேம்ஸ் ஃபிராங்கோ மூன்றாம் பாகத்துக்காகக் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

தொழில்நுட்பத்தில் காலம் எங்கே தொட்டிருக்கிறது என்றால், பகல் வெளிச்சத்தில் அத்தை மேயைத் தூக்கிக்கொண்டு கட்டடத்தில் ஏறும் வங்கிச் சண்டையில். உடம்புகளுக்கு எடையில்லை, ரப்பர் மாதிரி வளைகின்றன. அதே படத்தின் டிஜிட்டல் முகங்கள் அந்தக் காலத்துக்கு முன்னோடி. பால் டெபெவெக் குழுவின் லைட் ஸ்டேஜ் கருவியில் மக்வயர், மொலினா இருவர் முகத்தின் மீதும் வெவ்வேறு திசை ஒளி எப்படி விழுகிறது என்று பதிவு செய்து, அதை வைத்துக் கம்ப்யூட்டர் முகங்களுக்கு வெளிச்சம் கொடுத்தார்கள். ஜான் டைக்ஸ்ட்ரா தலைமையிலான குழுவுக்குக் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது நியாயமே. டேனி எல்ஃப்மன் இசையில் புதிதாக ஒட்டிக்கொள்ளும் மெட்டு அதிகமில்லை. ‘ரெயின்டிராப்ஸ் கீப் ஃபாலிங் ஆன் மை ஹெட்’ பாட்டை முழு உற்சாகத்தோடு ஒலிக்கவிட்டு, பீட்டர் சக்தி போன சந்தோஷத்தில் தெருவில் நடப்பதையும், அந்த அசட்டுச் சிரிப்பில் ஃபிரேம் உறைவதையும் சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். ஒரு சூப்பர் ஹீரோ படம் தன் நாயகனை இவ்வளவு அசடாகக் காட்டத் துணிவது லேசில்லை.

வசூலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தயாரிப்பாளர்கள் பார்ப்பது அதைத்தான். சுமார் 20 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலக அளவில் 78 கோடிக்கு மேல் சம்பாதித்தது. முதல் பாகம் 82 கோடி. குறைந்துதான் போனது. மூன்றாம் பாகத்தில் வில்லன்கள் மூன்றானார்கள்.

கடைசியாக எந்த வடிவத்தைப் பார்ப்பது என்பது. திரையரங்கில் ஓடியது 127 நிமிடம். 2007இல் ‘ஸ்பைடர்மேன் 2.1’ என்று சுமார் எட்டு நிமிடம் கூடுதலாக ஒரு பதிப்பு வட்டில் வந்தது. ரயில் சண்டை நீண்டிருக்கிறது, குப்பையிலிருந்து வந்த உடையை ஜேம்சன் தானே மாட்டிக்கொண்டு ஆடும் காட்சி சேர்ந்திருக்கிறது. அது ஒன்றுக்காகத் தனியாகப் பார்க்கலாம். ஆனால் லிஃப்ட் காட்சியை வேறு வசனத்தோடு மாற்றி நீட்டியிருக்கிறார்கள், அதில் மூலத்தின் சங்கடமான மௌனம் போய்விட்டது. வலை வராத ஹீரோ முழு உடையில் லிஃப்ட்டில் நிற்கிறான், பக்கத்தில் நிற்பவர் அதை வேஷம் என்று நினைத்துப் பாராட்டுகிறார், உடை அரிக்கிறது, இடுப்பில் இறுக்குகிறது என்று இவன் பதில் சொல்கிறான். அந்தப் பேச்சு எவ்வளவு சுருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு சிரிப்பு. முதல் தடவை பார்ப்பவர்கள் 127 நிமிடப் பதிப்பையே பாருங்கள்.